கத்தி கூர்மையா என்பது பிறகு, பிடி உறுதியா?

(சிறு பட்டறைத் தொழில் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையும், அதனைத் தொடர்ந்த கேள்வி பதில்களும்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பைக் கேட்டதும் என் மனைவியே சிரித்துவிட்டார். "ஒரு கத்தியை மெஷினில் மாட்டுவதைப் பற்றிப் பேச அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

நான் வேலை பழகிய காலத்தில், ஒரு சிறிய பட்டறையில் உதவியாளராக இருந்தேன். செம்பனை ஆலையிலிருந்து ஒரு பம்ப் தண்டு வந்தது. 35 மில்லிமீட்டர் விட்டம். அதில் 10 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு சாவிக்காடி வெட்ட வேண்டும். முதலாளி வெளியே போயிருந்தார். மில்லிங் மெஷினில் ஏற்கெனவே டிரில் சக் மாட்டியிருந்தது. கழற்றி வேறு பிடிப்பான் மாட்ட எனக்குச் சோம்பல். அந்தச் சக்கிலேயே 10 மில்லிமீட்டர் என்ட் மில்லை வைத்து, சாவியால் இறுக்கி, வெட்டத் தொடங்கினேன்.

முதல் இரண்டு அங்குலம் நன்றாகவே போனது. பிறகு சத்தம் மாறியது. மேசை கைப்பிடி கனத்தது. என்ன ஏது என்று புரிவதற்குள் சக்கே தன் டேப்பரிலிருந்து கழன்று, சுழன்றபடி மேசையில் விழுந்து, என் முழங்கைக்கு அருகில் பறந்து போய்ச் சுவரில் மோதியது. எனக்கு அடி இல்லை. அது என் அதிர்ஷ்டம். ஆனால் தண்டை அளந்து பார்த்தபோது, தொடக்கத்தில் 5 மில்லிமீட்டராக இருந்த ஆழம், கடைசியில் ஆறரையைத் தாண்டியிருந்தது. கத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தண்டு வீண். ஆலைக்காரர் காத்திருக்கிறார். முதலாளி தன் கைக்காசைப் போட்டுப் புதுத் தண்டு கடைந்து கொடுத்தார். என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. "கத்தியைப் பார்த்தாய், பிடியைப் பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

இன்று நம் நாட்டில் எத்தனையோ இளைஞர்கள் தொழில்நுட்பக் கல்லூரிகளில் படித்து முடித்துவிட்டு, சேமித்த பணத்தில் மேசைமேல் வைக்கும் சிறிய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டுப் பின்புறத்தில் வேலையைத் தொடங்குகிறார்கள். தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களும் வாங்குகிறார்கள். மெஷினுக்குப் பணம் செலவழித்த பிறகு, கத்தியைப் பிடிக்கும் கருவிக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது என்பதுதான் இன்றைய கேள்வி.

துளை போடுவது வேறு, மில்லிங் வேறு

முதலில் ஓர் அடிப்படை விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். துளையிடும்போது விசை எந்தப் பக்கம் போகிறது? கீழிருந்து மேலாக, ஸ்பிண்டிலை நோக்கிப் போகிறது. அந்த அழுத்தம் சக்கை அதன் டேப்பருக்குள் மேலும் இறுக்குகிறது. எனவே டிரில் சக் துளை போடுவதற்குப் பொருத்தமான கருவி. ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1902-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வேலையை அது இன்றுவரை சிறப்பாகவே செய்கிறது.

மில்லிங்கில் விசை பக்கவாட்டில் வருகிறது. அதுவும் ஒரே சீராக வருவதில்லை. நான்கு பல் உள்ள கத்தி நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 3,200 முறை அது இரும்பைத் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டும் பிடியைத் தளர்த்தப் பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் என்ட் மில்லின் பற்கள் திருகுச் சுற்றாக வலப்பக்கம் ஏறுகின்றன. அவை சீவலை மேலே தூக்கி வெளியேற்றும். சீவல் மேலே போகிறது என்றால், கத்தி கீழே இழுபடுகிறது என்று பொருள். பிடி கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் கத்தி வேலைப்பொருளுக்குள் தானே இறங்கிவிடும். என் சாவிக்காடி ஆழமாகிப் போனதற்குக் காரணம் இதுதான்.

டிரில் சக்கின் மூன்று தாடைகள் கத்தியின் காம்பை மூன்று மெல்லிய கோடுகளில்தான் தொடுகின்றன. தாடையும் கடினம், காம்பும் கடினம். பக்கத்திலிருந்து தட்டும்போது வழுக்குகிறது. மேலும், சக்கின் பின்புறம் ஒரு சிறிய டேப்பரில் வெறும் உராய்வினால் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் அன்று என் சக் பறந்தது. ஆகவே, டிரில் சக்கில் என்ட் மில் மாட்டக் கூடாது. இதற்கு விதிவிலக்கு தேட வேண்டாம்.

உங்கள் ஸ்பிண்டில் எந்த வகை?

பிடிப்பான் வாங்குவதற்கு முன், உங்கள் மெஷினின் ஸ்பிண்டிலுக்குள் எந்த டேப்பர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிறிய மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு வகைகளைப் பார்க்கலாம்.

முதலாவது, மோர்ஸ் டேப்பர் 3. பட்டறையில் சுருக்கமாக எம்.டி.3 என்பார்கள். இது மிகக் குறைந்த சரிவுள்ள கூம்பு. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரிதான். அதனால் உள்ளே போனதும் தானே இறுகிக்கொள்ளும்; கழற்றுவதுதான் சிரமம்.

இரண்டாவது, ஆர்-8. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நிறுவனம் தன் மில்லிங் மெஷின்களுக்காக உருவாக்கிய அமைப்பு இது. இதன் கூம்பு மொத்தம் 17 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சரிவு அதிகம் என்பதால் தானே பிடித்துக்கொள்ளாது. மேலிருந்து வரும் இழுப்பு போல்ட், அதாவது டிரா பார், இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். ஆனால் கழற்றுவது சுலபம். லேசாக ஒரு தட்டு போதும்.

இரண்டிலும் டிரா பார் கட்டாயம் வேண்டும். "எம்.டி.3 தானே இறுகிக்கொள்ளுமே, டிரா பார் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். துளை போடும்போது அது சரி. மில்லிங்கின் அதிர்வில் எந்த மோர்ஸ் டேப்பரும் தளர்ந்துவிடும்.

வாங்கும்போது டிரா பாரின் மரையையும் பாருங்கள். ஆர்-8 பிடிப்பான்களில் வழக்கமானது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஆனால் 12 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையுடன் வருபவையும் சந்தையில் உண்டு. எம்.டி.3-லும் இப்படி அங்குலம், மெட்ரிக் இரண்டும் கிடைக்கின்றன. பார்க்காமல் வாங்கினால், டிரா பார் இரண்டு சுற்று போய் நின்றுவிடும். பலம் போட்டுத் திருகினால் மரை போய்விடும்.

மூன்று நல்ல வழிகள்

டிரில் சக்கை ஒதுக்கிவிட்டால், சிறு பட்டறைக்கு மூன்று நல்ல வழிகள் உள்ளன.

ஒன்று: ஸ்பிண்டிலுக்குள் நேராகப் போகும் கோலெட். பிளவுபட்ட ஒரு குழாய் போன்றது. டிரா பார் மேலே இழுக்க, கூம்பு அதை நெருக்க, கத்தியின் காம்பைச் சுற்றிலும் இறுகப் பிடிக்கும். இதன் பெரிய நன்மை, கத்தி ஸ்பிண்டிலின் வாய்க்கு மிக அருகில் இருப்பது. நடுவில் வேறு துண்டு எதுவும் இல்லை. சிறிய மெஷினுக்கு இது பெரிய வரம். ஏனென்றால், ஒரு கத்தி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு அது வளைவது எட்டு மடங்காகிறது. நீளம் குறையக் குறைய அதிர்வும் குறையும், முகப்பும் மழமழப்பாக வரும்.

குறை என்ன? ஒரு கோலெட் ஒரே ஓர் அளவைத்தான் பிடிக்கும். 12 மில்லிமீட்டர் கோலெட்டில் அரை அங்குலக் கத்தியை நுழைக்க முடியாது. கத்தியை மாற்றும் ஒவ்வொரு முறையும் மேலே ஏறி டிரா பாரைத் தளர்த்த வேண்டும்.

இரண்டு: ஈ.ஆர். கோலெட் சக். சுவிட்சர்லாந்தின் ரீகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1972-இல் அறிமுகப்படுத்திய அமைப்பு. இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. இதில் சக் ஸ்பிண்டிலிலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். முன்னால் உள்ள நட்டைத் தளர்த்தி, கோலெட்டையும் கத்தியையும் மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொரு கோலெட்டும் பொதுவாக ஒரு மில்லிமீட்டர் வரை சுருங்கும். 13 மில்லிமீட்டர் கோலெட் 12 முதல் 13 வரை பிடிக்கும். ஆகவே 12.7 மில்லிமீட்டரான அரை அங்குலக் கத்தியையும் அதில் பிடிக்கலாம். 6.35 மில்லிமீட்டரான கால் அங்குலக் கத்திக்கு 7 மில்லிமீட்டர் கோலெட். நம் ஊரில் பழைய பிரிட்டிஷ் அங்குலக் கருவிகளும் மெட்ரிக் கருவிகளும் கலந்து கிடப்பதால் இது பெரிய வசதி.

அளவு எப்படித் தேர்ந்தெடுப்பது? ஈ.ஆர்.16 என்றால் 10 மில்லிமீட்டர் வரை. ஈ.ஆர்.20 என்றால் 13. ஈ.ஆர்.25 என்றால் 16. ஈ.ஆர்.32 என்றால் 20. பலரும் "பெரியதாகவே வாங்கிவிடுவோம்" என்று 32-ஐ வாங்குகிறார்கள். ஆர்-8, எம்.டி.3 மெஷின்களுக்கு அது தவறில்லை. ஆனால் மிகச் சிறிய மெஷினில் 12 மில்லிமீட்டருக்கு மேல் கத்தி ஓட்டுவதே அரிது. அங்கே 20 அல்லது 25 போதும். சக் சிறியது, எடை குறைவு, இடமும் மிச்சம்.

குறை, சக்கின் நீளம். ஸ்பிண்டிலுக்கும் கத்திக்கும் நடுவில் பல சென்டிமீட்டர் கூடிவிடும். சிறிய மெஷினில் மேசைக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையே உள்ள உயரமே குறைவு. வைஸும் வேண்டும், வேலைப்பொருளும் வேண்டும். வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

மூன்று: பக்கத் திருகுப் பிடிப்பான். கத்தியின் காம்பில் ஒரு தட்டையான வெட்டு இருக்கும். வெல்டன் காம்பு என்று சொல்வார்கள். பிடிப்பானின் பக்கவாட்டிலிருந்து ஒரு திருகு அந்தத் தட்டையில் உட்காரும். கத்தி கீழே இறங்கவே முடியாது. முரட்டு வெட்டுக்கு இதைவிட நம்பகமானது இல்லை. ஆனால் திருகு கத்தியை ஒரு பக்கமாகத் தள்ளுவதால், துளைக்கும் காம்புக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி ஆட்டமாக மாறிவிடும். மெல்லிய கத்திகளுக்கு இது ஆகாது.

பழைய பட்டறைப் பொருட்களில் கிளார்க்சன் ஆட்டோலாக் என்ற பிரிட்டிஷ் பிடிப்பானைச் சிலர் பார்த்திருக்கலாம். கத்தியின் காம்பு நுனியில் மரை இருக்கும். கத்தி சுழலப் பார்த்தால் பிடி மேலும் இறுகும். மிக நல்ல பிடிப்பான். ஆனால் மரையுள்ள காம்புக் கத்தியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவை உங்களிடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்

கத்தி சுழலும்போது மையத்திலேயே சுழல வேண்டும். கொஞ்சம் விலகிச் சுழன்றால் அதை ஆட்டம் என்கிறோம். "ஒரு தலைமுடி கனம்தானே, என்ன ஆகிவிடும்?" என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

3 மில்லிமீட்டர் கத்தியில் ஒவ்வொரு பல்லும் எடுக்க வேண்டிய சீவலின் கனம் ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர். பிடிப்பானின் ஆட்டம் 0.1 மில்லிமீட்டர் என்றால், ஒரே ஒரு பல் மட்டும் எல்லா வேலையையும் செய்கிறது. மற்றப் பற்கள் காற்றில் சுற்றுகின்றன. நான்கு பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஒருவர் தூக்கினால் என்ன ஆகும்? கத்தி உடைகிறது. நாம் கத்தி தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறோம்.

பெரிய கத்தியில் உடையாது, ஆனால் அளவு தப்பும். 10 மில்லிமீட்டர் கத்தி 0.1 ஆட்டத்தோடு சுழன்றால் காடி 10.1 ஆகிவிடும். சாவி அதில் லொடலொடக்கும்.

இதைச் சோதிக்க ஒரு டயல் கேஜ் போதும். முதலில் எல்லாவற்றையும் துடையுங்கள். மெஷினை நிறுத்திவிட்டு, ஸ்பிண்டிலின் உள் கூம்பில் கேஜ் முனையை வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். அடுத்து, பிடிப்பானை மாட்டி, ஒரு புதிய கத்தியின் நேரான காம்பில் வைத்துப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் கத்திக்கு 0.02 அல்லது 0.03 இருந்தால் சாதாரண வேலைக்குப் போதும். 3 மில்லிமீட்டர் கத்திக்கு 0.01-க்குள் வர வேண்டும். அதிகமாக இருந்தால், கோலெட்டைக் கழற்றிப் பாதிச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள். பல நேரம் குறைந்துவிடும். ஸ்பிண்டிலிலேயே ஆட்டம் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோலெட்டும் அதைச் சரிசெய்யாது.

எதை முதலில் வாங்குவது?

நான் சொல்லும் வரிசை இது. முதலில், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் கத்திகளின் காம்பை அளந்து எழுதுங்கள். கத்தி முனை 3 மில்லிமீட்டராக இருந்தாலும் காம்பு பெரும்பாலும் 6 ஆகத்தான் இருக்கும். கடைசியில் 6, 8, 10, 12 என்று நான்கு அளவுகளுக்குள் உங்கள் வேலை முக்கால்வாசி அடங்கிவிடும்.

உயரம் குறைந்த மெஷின் என்றால், அந்த நான்கு அளவுகளில் நேர் கோலெட் வாங்குங்கள். உயரம் போதுமானது, கத்தியை அடிக்கடி மாற்ற வேண்டும், அங்குலக் கத்திகளும் உண்டு என்றால், ஒரு நல்ல ஈ.ஆர். சக்கும் நான்கைந்து நல்ல கோலெட்டுகளும் வாங்குங்கள். முரட்டு வேலை வரும்போது ஒரு பக்கத் திருகுப் பிடிப்பானைச் சேர்த்துக்கொள்ளலாம். டிரில் சக்கும் இருக்கட்டும், துளை போடுவதற்கு மட்டும்.

கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் இப்போது டிரில் சக் மட்டும்தான் இருக்கிறது. அலுமினியத்தில் மெதுவாக வெட்டினாலும் ஆபத்தா?

பதில்: ஆபத்துதான், தம்பி. அலுமினியம் மென்மையானது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அது பல்லில் ஒட்டிக்கொள்ளும், திடீரென்று கத்தியைக் கவ்வும். இழுபடுவதற்கு அந்த ஒரு கணம் போதும். பத்துக் கத்தி வாங்கும் பணத்தில் இரண்டு கத்தியும் ஒரு கோலெட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ஈ.ஆர். சக்கை நன்றாக இறுக்கியும் என் கத்தி இறங்குகிறது. ஏன்?

பதில்: நான்கு காரணங்களைப் பாருங்கள், சகோதரி. முதலாவது, எண்ணெய். காம்பும் கோலெட்டின் உட்புறமும் உலர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, காம்பு கோலெட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். நுனியில் மட்டும் பிடித்தால் கோலெட்டும் கெட்டுப்போகும். மூன்றாவது, இறுக்கம் போதவில்லை. ஈ.ஆர்.32-க்கு நூறு நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். 40 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 25 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு பலம் அது. நாம் நினைப்பதைவிட அதிகம். இறுக்கும்போது சக்கின் உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷினின் கியர் மீது அந்தப் பலம் விழக் கூடாது. நான்காவது, கோலெட்டை மாட்டும் முறை. அதை முதலில் நட்டுக்குள் சாய்த்து, 'டக்' என்று உட்கார வைத்த பிறகுதான் சக்கில் திருக வேண்டும். சக்குக்குள் கோலெட்டைப் போட்டு மேலே நட்டை மூடினால் பிடியும் சரியாக வராது, கழற்றும்போது கோலெட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: எம்.டி.3 பிடிப்பான் ஸ்பிண்டிலில் சிக்கிக்கொள்கிறது. சுத்தியலால் அடித்து அடித்துக் கழற்றுகிறேன்.

பதில்: பலமாக அடித்தால் அந்த அடி பேரிங்கில் விழும். டிரா பாரை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள்; முழுவதும் கழற்றாதீர்கள், மரை சிதைந்துவிடும். பிறகு பித்தளைச் சுத்தியலால் சுருக்கென்று ஒரு தட்டு. இன்னொரு காரணமும் இருக்கலாம். மெஷின் ஓடிச் சூடாக இருக்கும்போது குளிர்ந்த பிடிப்பானை மாட்டி இறுக்கினால், ஸ்பிண்டில் ஆறும்போது சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிடிப்பானைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம். நம் ஊர் ஈரக்காற்றில் கூம்பில் துரு பிடிக்காமல் இருக்கவும் அது உதவும். எண்ணெய் தடவி வையுங்கள், மாட்டும்முன் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: பதினெட்டுக் கோலெட் கொண்ட முழு செட் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

பதில்: வாங்கலாம். ஆனால் பதினெட்டில் நான்கைத்தான் தினமும் தொடுவீர்கள். அந்த நான்கும் ஆட்டம் உள்ளவையாக இருந்தால், மற்றப் பதினான்கும் பெட்டியில் அழகாக இருந்து என்ன பயன்? அதே பணத்தில் நான்கு நல்லவற்றை வாங்குங்கள்.

நிறைவாக ஒன்று. மெஷினைப் போடுவதற்கு முன் மூன்றைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். டிரா பார் இறுகியிருக்கிறதா? நட் இறுகியிருக்கிறதா? ஸ்பேனரும் சக் சாவியும் கையோடு எடுத்தாகிவிட்டதா? டிரா பாரின் மேல் மறந்து வைத்த ஸ்பேனர், மோட்டார் ஓடியதும் தலைக்கு நேராகப் பறக்கும். கத்தியை மாற்றும்போது துணியால் பிடியுங்கள். மெஷின் ஓடும்போது துணியும் கையுறையும் அருகே வரக் கூடாது.

அன்று கெட்டுப்போன தண்டை என் முதலாளி தூக்கிப் போடவில்லை. பட்டறை வாசலில் சாய்த்து வைத்திருந்தார். புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் அதைக் காட்டி, "இது எப்படி ஆனது என்று அவனைக் கேள்" என்று என்னைக் கைகாட்டுவார். இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பட்டறை வாசலில் அப்படி ஒரு தண்டு நிற்க வேண்டாம்.